கடித்து வைத்த ரொட்டி

பெக்துர் இன்றும் கோட்டைக் கழற்றவில்லை.

வீட்டுக்குள் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. வெளியேதான் நாரின் என்ற அந்த மலையூரே பனியில் விறைத்துக் கிடந்தது. ஆனாலும் அந்த ஆறு வயதுப் பையன் கோட்டும் தொப்பியுமாக, துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

“உருளைக்கிழங்கு மாதிரி வெந்துடுவேடா. அப்புறம் உப்புப் போட்டுத் தின்னுடுவோம்,” என்றாள் மீரிம்.

முன்பெல்லாம் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பான். இப்போது உதடு கூட அசையவில்லை.

மீரிமுக்குப் பத்து வயது. அவளும் பெக்துரும் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு நிரந்தரமாக ஒரு குடும்பம் கிடைக்கும்வரை அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடு, சபீரா அத்தையின் வீடு. குடும்பம் கிடைத்த பிள்ளைகள் போவார்கள். கிடைக்காதவர்கள் இருப்பார்கள்.

மீரிம் இருப்பவள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சின்னக் குழந்தையைத்தான் கேட்டார்கள். “நல்ல பொண்ணுதான். ஆனா வளந்துட்டாளே,” என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அங்கே அழுதால் வெளியே கேட்காது.

பெக்துர் போனவன். போய்த் திரும்பி வந்தவன்.

இலையுதிர் காலத்தில் ஒரு கணவனும் மனைவியும் அவனை அழைத்துப் போனார்கள். முதல் பனி விழுவதற்குள் கொண்டுவந்து விட்டார்கள். “எங்களுக்கு ஒத்து வரல,” என்று வாசலிலேயே நின்று சொன்னார்கள். உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் கூடக் குடிக்கவில்லை. அன்றிலிருந்துதான் அவன் கோட்டைக் கழற்றுவதில்லை. பையைப் பிரிப்பதும் இல்லை.

இன்று கூடத்தில் வேறொரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கொச்கோர் ஊரிலிருந்து வந்தவர்கள். துர்சுன் லாரி ஓட்டுகிறவர். அவர் மனைவி அய்சாதா பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். இதற்கு முன்பும் வந்திருக்கிறார்கள். பெக்துர் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதவிடுக்கு வழியாகப் பெரியவர்களின் பேச்சு கேட்டது.

“அவன் வாயத் தொறந்து ‘சரி’ன்னு சொன்னாத்தான் என்னால அனுப்ப முடியும்,” என்றது ராய்கான் அக்காவின் குரல். பிள்ளைகளுக்குக் குடும்பம் தேடித் தரும் அலுவலகத்துக்காரர் அவர்.

“எங்கள அவனுக்குப் பிடிக்கல,” என்றாள் அய்சாதா. “பிடிக்காத புள்ளைய எப்படி இழுத்துட்டுப் போறது?”

“கிளம்புவோம்,” என்றார் துர்சுன். “கணவாய்ல பனி ஏறிடும்.”

“இவங்களும் போயிட்டா அவ்வளவுதான்,” என்றார் ராய்கான். “வேற யாரும் அவனக் கேக்கல.”

சபீரா அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மீரிம் பெக்துருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஏன்டா, அந்த மாமா கெட்டவரா?”

“இல்ல.”

“அந்தம்மா?”

“நல்லவங்க. மிட்டாய் குடுத்தாங்க.”

“அப்புறம் ஏன்டா பேச மாட்டேங்கறே?”

பெக்துர் மோவாயால் சுவரைக் காட்டினான். “அது இருக்குல்ல.”

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு வெள்ளைத் துணிப்பை. பைக்குள் ஒரு ரொட்டி.

அந்தப் பக்கத்து வழக்கம் அது: பட்டாளத்துக்கோ தூரதேசத்துக்கோ யாராவது புறப்பட்டால், வாசலில் ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போவார்கள். மீதியைச் சுவரில் தொங்கவிடுவார்கள். ரொட்டி காத்திருக்கும். போனவர் பத்திரமாகத் திரும்பி வந்து அதைத் தின்று முடிப்பார். சபீரா அத்தையின் மகன் பட்டாளத்துக்குப் போனபோதும் அப்படித்தான் செய்தார்கள். பெக்துர் புறப்பட்ட அன்றும் அத்தை வழக்கம்போல ரொட்டியை நீட்டி, “கடிடா கண்ணு,” என்றாள். இவன் திரும்பி வருவதற்காகப் போகவில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. அவன் வந்த பிறகு அதைத் தின்று தீர்க்கச் சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை.

“அதுதான் என்ன இழுத்துட்டு வந்துடுச்சு,” என்றான் பெக்துர். “மறுபடியும் இழுக்கும். அப்ப இவங்களும் வாசல்லயே நிப்பாங்க.”

மீரிம் ஆணியில் தொங்கிய பையை நிமிர்ந்து பார்த்தாள்.

“தூக்கி எறியலாம்னு பாத்தேன்,” என்று அவன் மெதுவாகச் சொன்னான். “ரொட்டிய எறிஞ்சா பாவம்ல?”

“பாவம்தான்.”

ரொட்டி யாரையும் இழுக்காது என்று அவள் சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு நீ வேண்டாமாம், அதனால்தான் கொண்டுவந்து விட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. வேண்டாம் என்பது எப்படி வலிக்கும் என்று மீரிமுக்குத் தெரியும். ஆகவே சொல்லவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பையை இறக்கினாள்.

ரொட்டி கல்லாகக் காய்ந்திருந்தது. தரையில் தட்டினாள். டொக் டொக்.

“இத வச்சு ஆணியே அடிக்கலாம்டா. வா.”

அவள் ரொட்டியோடு கூடத்துக்குள் நுழைந்தாள். துர்சுன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேநீர் வைக்காத நேரத்தில் அவள் அந்தக் கூடத்தில் நின்றதே இல்லை.

“அத்தை, இது பெக்துர் கடிச்ச ரொட்டி. இது இருக்கிறவரைக்கும் தன்னத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு நெனக்கிறான். எறியக்கூடாது. அதனால தின்னு தீத்துடலாம். எல்லாரும்.”

சபீரா அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, என் கையாலயா!”

“பிஸ்மில்லா,” என்றாள் அய்சாதா. முதலில் கையை நீட்டியது அவள்தான்.

கத்தியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தார்கள். தேநீரில் நனைத்து நனைத்துத் தின்றார்கள். ராய்கான் அக்கா ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கி ஊறவைத்தார். துர்சுன் தாடையைப் பிடித்துக்கொண்டு, “என் பல்லு போச்சுன்னா அரசாங்கம் கட்டித் தருமா?” என்று கேட்டார்.

கதவோரம் நின்ற பெக்துர் ஒவ்வொரு வாயையும் கவனித்தான். கடைசியில் தானே வந்து, விரலை ஈரமாக்கி, விரிப்பில் கிடந்த துணுக்குகளை ஒற்றி ஒற்றித் தின்றான். ரொட்டி இருந்த பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தான். ஒன்றும் இல்லை.

ஆனாலும் கோட்டைக் கழற்றவில்லை.

மீரிம் அய்சாதாவைப் பார்த்தாள். “நீங்க வரும்போது ரொட்டி கொண்டுவந்தீங்கல்ல?”

“ஆமா. காலைல எங்க அடுப்புல சுட்டது.”

மீரிம் அந்த ரொட்டியை எடுத்து பெக்துரிடம் நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

“கடிடா. மிச்சத்த அவங்க எடுத்துட்டுப் போயி அவங்க வீட்டுச் சுவத்துல தொங்கவிடட்டும். இனிமே அது அங்கேருந்து இழுக்கும்.”

பெக்துர் ரொட்டியையும் அய்சாதாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, முதல்முறையாக, அய்சாதாவிடம் வாயைத் திறந்தான்.

“உங்க வீட்ல ஆணி இருக்கா?”

அய்சாதா கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இல்லன்னா லாரியிலேருந்து எடுத்து அடிக்கிறேன்,” என்றார் துர்சுன். “வளையாத ஆணியா அடிக்கிறேன்.”

பெக்துர் கடித்தான். இரண்டு கன்னமும் புடைத்தன. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “ச…ரி,” என்றான்.

“மென்னு முழுங்கிட்டுச் சொல்லுடா,” என்றார் ராய்கான் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

நீதிமன்றம், காகிதம், கையெழுத்து என்று எல்லாம் முடிவதற்குள் பனி உருகிவிட்டது. அவர்கள் அவனை அழைத்துப் போக வந்த அன்று மீரிம் விடியும் முன்பே எழுந்துவிட்டாள். அவனுடைய காலுறைகளை ஜோடி சேர்த்து மடித்து வைத்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. இனி இந்த வீட்டில் காத்திருப்பவள் அவள் மட்டும்தான். தானே செய்த வேலைதான்.

லாரி புறப்பட்டது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

கதவு திறந்தது. பெக்துர் குதித்து ஓடிவந்தான். கோட்டு இல்லை. இரண்டு கையிலும் ஒரு வட்ட ரொட்டி.

“மறந்தே போயிட்டேன்! அக்கா, கடி!”

“ஒண்ணு அதிகமா சுட்டு எடுத்துட்டு வாங்கன்னு போன்லயே சொல்லிட்டான்,” என்றாள் பின்னாலேயே வந்த அய்சாதா.

“ரெண்டாவது ஆணியும் அடிச்சாச்சு!” என்று லாரியிலிருந்தே கத்தினார் துர்சுன். “கோடை லீவுக்கு வந்து தின்னு தீத்துடு. என் பல்லுக்கு ஆகாது!”

மீரிம் ரொட்டியையே பார்த்தாள். அவளை யாரும் இதுவரை எதையும் கடித்து வைக்கச் சொன்னதில்லை.

“பெரிசா கடிக்காதே,” என்றான் பெக்துர். “வந்து தின்ன மிச்சம் வேணும்.”

அவள் ஓரத்தில் கொஞ்சமாகக் கடித்தாள். அவன் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். லாரி ஆற்றுப்பாலத்தில் ஏறி மறைந்தது.

அன்று மீரிம் அடுத்த அறைக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்று, வாயில் அந்தத் துண்டு ரொட்டியோடு, எல்லாருக்கும் கேட்கும்படி அழுதாள்.