யானை பார்க்கப் போன இருவர்

பல் துலக்கி வாய் கொப்பளித்ததும் கயற்கண்ணி வழக்கம்போலக் கண்ணாடியின் மூலையில் தாம்பத்திய எண்ணைப் பார்த்தாள். விண்ணூரில் எல்லா வீட்டிலும் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான், காபி அப்புறம். காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், கணவனுக்கொன்று மனைவிக்கொன்றாக எள்ளளவு உணரி பதித்திருந்தார்கள். இருவரும் அருகருகே இருக்கும்போது நாடி எப்படி ஓடுகிறது, மூச்சு எப்படி வருகிறது என்று அது நாளெல்லாம் கவனித்து இரவில் நகராட்சிக்குச் சொல்லிவிடும். பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த ஊரில் இடம் குறைவு. ஒத்துப்போகாத இருவரை ஓர் அறையில் வைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் தூக்கம் போய்விடுகிறது என்பது நகராட்சியின் அனுபவம். எண் நாற்பதுக்குக் கீழே இறங்கினால், ஜன்னல் வைத்த இருவர் அறையைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு திசையில் ஒற்றைப் படுக்கைக்குப் போய்விட வேண்டியதுதான்.

அன்று நாற்பத்தொன்று.

"எவ்வளவு?" என்று உள்ளேயிருந்து பரிதி கேட்டான்.

"குறையலை," என்றாள். கூடவும் இல்லை என்பதை அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எண் சரிந்த தம்பதிகளுக்கு நகராட்சியே ஒரு வைத்தியம் சொல்லும். பூமிக்கு இறங்கி ஒரு நாள் தனிப்பயணம் போய்வரலாம். யானை, பழைய கற்கள், கிராமியக் கலை. கூட வேறு யாரும் வர மாட்டார்கள். கானகத்தில் யானையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் பத்துப் பதினைந்து புள்ளி கூடியிருக்கிறது என்று விளம்பரம் சொன்னது. கயற்கண்ணிதான் தேடிப் பிடித்துப் பதிவு செய்தாள். ஜன்னலை விட அவளுக்கு மனமில்லை.

ஆனால் அவளுக்கு உள்ளூர ஒரு பயம். ஒரு வருடமாக, பரிதி வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவனுக்குத் தெரியாமல் ஒரு சாந்த மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். நாற்பத்தொன்று என்பதே அந்த மாத்திரையின் புண்ணியம். இறங்குகலத்தில் ஏறுகிறவர்களோ முந்தின நாளிலிருந்து எந்த மருந்தும் தொடக் கூடாது. அவனோடு முழுதாக ஒரு பகலை வெறும் உடம்போடு கழிக்க வேண்டும். பூமியைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தைவிட அந்த நினைப்புதான் வழியெல்லாம் அவளோடு வந்தது.

கலம் மலையடிவாரத்தில் இறங்கியது. இரண்டு தலைமுறைக்கு முன்னால் மனிதர்கள் காலி செய்துவிட்டுப் போன பள்ளத்தாக்கு அது. இப்போது காடு. வெயில் நேரடியாகத் தோலில் பட்டபோது இருவருக்கும் கூசியது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ஜீப் ஒன்றின் பக்கத்தில், பயண நிறுவனத்தை நடத்தும் மாதேவி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். வரவேற்கிற முகமே இல்லை.

"ரெண்டு பேர்னுதானுங்க பதிஞ்சிருந்தீங்க," என்றாள் கயற்கண்ணியிடம். "வீட்டுக்காரர் வரலீங்களா? அப்பாவைக் கூட்டியாந்துட்டீங்களாட்ட இருக்குது."

உடனே மறுத்திருக்க வேண்டும். அதற்குள் கயற்கண்ணிக்கு ஒரு சிரிப்பு வந்து தொலைத்தது. பரிதி தன் நரைத்த தாடியைத் தடவிக்கொண்டான்.

"நான்தான் வீட்டுக்காரர்."

"அப்படீங்களா," என்ற மாதேவி அதற்கு மேல் வருத்தப்படவில்லை. அவனைப் பின்னால், மூட்டைகளுக்கு நடுவே உட்காரச் சொன்னாள். கயற்கண்ணியைத் தன் பக்கத்தில் முன்னால் இருத்திக்கொண்டாள்.

முதலில் ஒரு நடுகல்லுக்குப் போனார்கள். ஆளுயரப் பாறைப் பலகையில், துதிக்கை தூக்கிய யானை ஒன்றை ஒரு வீரன் ஈட்டியால் குத்திக்கொண்டிருந்தான். யானையைக் கொன்று தானும் செத்தவன் அவன் என்றும், ஊரே கூடிக் கல் நட்டுக் கும்பிட்டது என்றும் மாதேவி ஒப்பித்தாள். பரிதிக்கு வரலாறு பிடிக்கும். அவன் அந்த வீரனின் கொண்டையையும் இடைக்கச்சையையும் பற்றி விளக்கத் தொடங்கினான். அவன் விளக்கம் எப்போதும் நீளும்.

"அம்மாளுக்குச் சலிப்பாட்ட இருக்குதுங்க," என்று மாதேவி குறுக்கிட்டாள். "நீங்க பேச ஆரம்பிச்சா கண்ணை மூடிக்கறாங்க."

பரிதி திரும்பினான். "கண்ணை மூடினியா?"

"வெயில்," என்றாள் கயற்கண்ணி. காதுக்குப் பின்னால் உணரி மெல்ல அதிர்ந்தது. எண் இறங்கும்போது அது அப்படித்தான் அதிரும். அவனுக்கும் அதிர்ந்திருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள்.

அடுத்து கரகாட்டம். ஆடியவை மனித உருவில் செய்த மூன்று ஆட்டப்பொறிகள். ஒன்றுக்கு முழங்கால் மடங்கவில்லை. சுற்றி வரும்போதெல்லாம் அது பரிதியின் காலை மிதித்தது. சாப்பாட்டு வேளைக்கு மாதேவி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து அவர்களுக்கு நடுவில் வைத்தாள்.

"ஒண்ணுதான் வந்திருக்குது. யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

"நாங்க ரெண்டு பேருக்குப் பணம் கட்டியிருக்கோம்," என்றாள் கயற்கண்ணி.

"கட்டியிருக்கீங்க. இல்லைங்கலையே," என்று சொல்லிவிட்டு மாதேவி மரத்தடிக்குப் போய்த் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். அதில் தக்காளி சாதமும் பொரித்த அப்பளமும் இருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நீ சாப்பிடு," என்றான் பரிதி.

"வேண்டாம், நீங்க சாப்பிடுங்க."

"காலையிலயும் நீ ஒழுங்கா சாப்பிடலை."

"நீங்க மட்டும்?"

இப்படியே எண்ணுக்குப் பயந்து மாற்றி மாற்றி உபசரித்ததில் பொட்டலத்தில் எறும்பு ஏறிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

ஜீப் ஓரிடத்தில் நின்றது. அங்கிருந்து நடந்து, ஒரு குட்டையின் கரையிலிருந்த பாறைக்குப் போனார்கள். யானை இங்கேதான் வரும் என்றாள் மாதேவி. காத்திருந்தார்கள். குட்டையில் ஒரு கொக்கு நின்றது, பிறகு அதுவும் போய்விட்டது. பாறை சுட்டது. பரிதிக்கு வயிறு இரைவது கயற்கண்ணிக்குக் கேட்டது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். அவன் தினமும் செருமுகிறவன்தான். மாத்திரை இல்லாமல் அதைக் கேட்டபோது ஒவ்வொன்றும் மண்டைக்குள் இறங்கியது.

"வராதா?" என்று பரிதி கேட்டான்.

"முந்தியே வந்திருந்தா பார்த்திருக்கலாமுங்க," என்றாள் மாதேவி. "அம்மா கிளம்பறதுக்குத் தாமதம் பண்ணிட்டாங்க. ஜீப்புல வர்றப்ப அவங்களே சொன்னாங்க."

"நான் எப்பச் சொன்னேன்?" என்றாள் கயற்கண்ணி.

"தாமதம்தானே பண்ணினே," என்றான் பரிதி. "குளியலறையில என்னதான் பண்றே? எப்பவும் இதுதான். இந்த நிறுவனத்தைப் பிடிச்சதும் நீதான். சோறு இல்லை, யானை இல்லை."

"எப்பவுமா? சரி. நீங்க ஒரு தடவையாவது எதையாவது தேடிப் பிடிச்சிருக்கீங்களா? எல்லாத்தையும் நான் செய்யணும், நீங்க பின்னாடி வந்து குறை சொல்லணும்."

உணரி அதிர்ந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. எழுந்து நின்று, அவன் செருமல், அவன் விளக்கங்கள், அவள் தங்கை வந்தபோது அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது என்று ஆரம்பித்தாள். அவனும் எழுந்தான். அவள் சத்தம் போடாமலே கதவைச் சாத்தும் விதத்தைப் பற்றிச் சொன்னான். அவள் முதுகைக் காட்டிப் படுப்பதைச் சொன்னான். மாதேவி முன்னால் இருக்கிறாள் என்ற நினைப்பே இருவருக்கும் போய்விட்டது. எதிர்க்கரை வரை சத்தம் எதிரொலித்தது.

கயற்கண்ணிதான் முதலில் பார்த்தாள். மூங்கில் புதர் சத்தமில்லாமல் பிளந்தது. ஒரு கிழட்டுப் பெண் யானை முன்னால் வந்தது. அதன் விலாவில் எப்போதோ தீ சுட்ட தழும்பு கை அகலத்துக்கு மயிரில்லாமல் கிடந்தது. பின்னால் மற்றவை. ஒரு குட்டி, தாயின் காலுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. அவை நேராகக் குட்டைக்கு வந்து, பாறைக்கும் ஜீப்புக்கும் நடுவே பரவி நின்று, தண்ணீர் உறிஞ்சத் தொடங்கின.

அவள் பேச்சு பாதியில் நின்றது. பரிதியும் நிறுத்திவிட்டான். விண்ணூரின் படங்களில் யானையின் அளவு தெரியும். அந்த மௌனம் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு நிதானமாக வாழ்வதைப் பார்த்ததும் அவள் தன்னை அறியாமல் ஓரடி பரிதி பக்கம் நகர்ந்தாள். பரிதியின் கை அவள் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அவளும் விடவில்லை. காதுக்குப் பின்னால் இதமாக ஒரு சிறு சூடு பரவியது. எண் ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம்.

கிழட்டு யானை தலையைத் தூக்கியது. துதிக்கை காற்றில் நீண்டு அவர்கள் பக்கம் திரும்பியது. காதுகள் விரிந்தன. மற்றவை குட்டியைச் சுற்றி நெருங்கி நின்றன.

"கையை விடுங்க," என்றாள் மாதேவி, உதடு அசையாமல்.

"என்ன?"

"கையை விட்டுட்டுச் சண்டையைப் போடுங்க. நிறுத்தாதீங்க."

யானை ஓரடி வைத்தது. முன்காலால் மண்ணைத் தட்டியது.

பரிதி சட்டென்று கையை விட்டான். "நீ... நீ ஒரு சோம்பேறி," என்றான்.

"நீங்கதான் சோம்பேறி," என்றாள் கயற்கண்ணி. நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிற குழந்தைகள் போல இருந்தது. யானை இன்னும் இரண்டடி வந்தது.

"பொய்க்குப் போட்டா அதுக்குத் தெரியுமுங்க. வேர்வையிலயே கண்டுபிடிச்சிரும்," என்றாள் மாதேவி. அவள் குரலில் முதல்முறையாகப் பயம் இருந்தது. "நெஜமா எதாவது இருந்தா அதைச் சொல்லுங்க."

நிஜமாக ஒன்று இருந்தது. கயற்கண்ணி யானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வருஷமா மாத்திரை போடறேன். நீங்க வீட்டுக்கு வர்ற நேரத்துக்கு. அது இல்லாம என்னால உங்க பக்கத்துல உட்கார முடியாது."

பரிதி யானையை மறந்து அவள் பக்கம் திரும்பினான். பிறகு அவன் முகம் கறுத்தது.

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா எண் என்ன ஆகும்?"

"எண்ணா?" அவன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "நான் லிஃப்டுல வரும்போதே போட்டுக்குவேன். வீட்டுக்கதவைத் திறக்கறதுக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சிடும்."

கயற்கண்ணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் அவனை ஏமாற்றியது போய், அவன் தன்னை ஏமாற்றியதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது.

"நீயுமா?" என்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவனை நீ என்றதில்லை. "சாயங்காலம் வந்து நெத்தியில முத்தம் குடுப்பியே, அது மாத்திரையா? அப்ப இந்த ஒரு வருஷமா அந்த ரூம்ல குடியிருந்தது யாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவர்கள் கத்தினார்கள். அழுதுகொண்டே கத்தினாள் அவள். உணரி காதுக்குப் பின்னால் விடாமல் அதிர்ந்தது. கிழட்டு யானையின் காதுகள் மெல்ல மடங்கின. அது ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பி, புல்லைப் பிடுங்கித் தட்டி வாயில் போட்டது. குட்டி மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியது.

கயற்கண்ணி மாதேவி பக்கம் பாய்ந்தாள். "காலையிலேர்ந்து நீங்க பண்ணினதெல்லாம் இதுக்குத்தானா?"

"இதுக்குத்தானுங்க. இல்லீனா அதுங்க வராது."

"எங்களைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று பரிதியும் அவள் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டாதீங்க," என்றாள் மாதேவி அவசரமாக. "சேரக் கூடாது. யாராவது ஒருத்தர் என் பக்கம் இருங்க."

யாரும் அவள் பக்கம் இருக்கவில்லை. ஆனால் அவரவர் கோபம் அவரவருக்குத் தனியாகவே இருந்தது. யானைகள் மேய்ந்தன. மாதேவி கண்ணை அவற்றின்மேல் வைத்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அந்தக் கிழவி குட்டியா இருந்தப்ப இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஊருங்க. எங்க பாட்டன் ஊரும் இங்கதான். சாதிக்கு ஒரு தெரு, கட்சிக்கு ஒரு டீக்கடை, கோயில் தேர் எந்தத் தெருவுல முதல்ல போறதுன்னு வெட்டுக்குத்து. ஒரு நாளும் ஒண்ணாக் கூடினதில்லீங்க. யானை வந்திருச்சுன்னா மட்டும் அத்தனை பேரும் ஒண்ணா வருவாங்க. தீப்பந்தம், வெடி, தப்பட்டை, சிரிப்பு. விடிய விடியத் தொரத்துவாங்க. மனுசங்க கைகோத்து நின்னா என்ன நடக்கும்னு அதுக்குத் தெரியும். நமக்குள்ள அடிச்சுக்கிட்டாத்தான் அது உசுருக்குப் பயமில்லை."

பரிதியின் கண் கிழட்டு யானையின் விலாவுக்குப் போனது. கயற்கண்ணியும் அந்தத் தழும்பைப் பார்த்தாள்.

"அமைதியாயிராதீங்க," என்றாள் மாதேவி. "ஜீப் அந்தப் பக்கம் நிக்குது. நடுவுல போகணும்."

அவர்கள் பாறையிலிருந்து இறங்கினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் சாம்பல் நிற விலாக்கள் மூச்சு வாங்கின. சாணமும் ஈரமண்ணும் மணத்தன. அந்த உடம்புகளுக்கு நடுவே நடந்தபடி கயற்கண்ணி, எந்த நாளில் முதல் மாத்திரையைப் போட்டாள், அன்று அவன் என்ன சொன்னான் என்று சொன்னாள். தான் அன்று அப்படிச் சொல்லவில்லை என்று அவன் மறுத்தான். அவள் விடவில்லை. அவன் எதிர்த்துப் பேசினான். பேசுவதற்கு முன் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டான். கிழட்டு யானை வழியை விட்டு ஒதுங்கி நின்று, வாலை ஆட்டியபடி அவர்களைப் போகவிட்டது.

ஜீப்பின் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும், "இனி நிறுத்திக்கலாமுங்க. அதுங்களுக்குக் கேட்காது," என்றாள் மாதேவி.

பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து இன்னும் வாதாடிக்கொண்டிருந்த இருவருக்கும் அது காதில் விழவில்லை.