மூடிய அறையிலிருந்து வந்த படங்கள்

கறுப்பு சிறுத்திருந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அழியவிருக்கும் பழைய இடங்களைக் கணினிக்குள் அப்படியே எழுப்பி வைக்கும் இணையதளத்தை வடிவமைத்தவள் அவள். மலையடிவாரப் பாதாள அறையின் படங்களை எடுத்தவன், தொல்லியல் குழுவிலிருந்த அவள் தம்பி. அவற்றை ஒட்ட ஒட்ட அறை திரையில் எழுந்தது. அவன் எடுக்காமல் விட்ட ஒரு மூலை மட்டும் கறுப்பாகக் கிடந்தது. காலையில் ஆளுயரம் இருந்த கறுப்பு, இப்போது இடுப்பளவுதான்.

அந்த அறைக்கு மேலே ரோடு போடவிருக்கும் துறையின் அதிகாரி மதியம் போனில் அவசரப்படுத்தியிருந்தார்.

"அந்த மூலையில என்ன புதையலா இருக்கு? முழுமைன்னு போட்டு விடும்மா. ரோடு வேலை நிக்குது."

"சார், இன்னும் ஆராய்ச்சியே முடியல."

"அதான் உங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கே. அப்புறம் கல்லைக் கட்டிக்கிட்டு அழணுமா?"

காப்பாற்றத்தான் என்று நம்பிக் கட்டிய தளம் இடிப்பவனுக்கு அனுமதிச்சீட்டாகிப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு 'முழுமை' என்கிற பொத்தானை அழுத்தினாள். பாதாள அறையின் வாசலைக் கான்கிரீட் கொட்டி அடைத்தாயிற்று என்று, கைகூப்பும் பொம்மையோடு செய்தி அனுப்பினார் அதிகாரி.

அதன் பிறகுதான் தம்பி வந்தான். மற்ற நாளாயிருந்தால் "என்ன டிசைனர் மேடம், கல்லுக்கு மேக்கப் போட்டாச்சா?" என்று வாசலிலேயே வம்பிழுத்திருப்பான். இன்று பேசாமல் போய்க் கூடத்தில் உட்கார்ந்தான். 'தம்பியும் வீட்டுக்கு வந்துட்டான் சார்' என்று அதிகாரிக்குப் பதில் அனுப்பினாள். அவன் பின்னாலேயே வீட்டுக்குள் நுழைந்த ஈரமண் வாசனை, ஜன்னலைத் திறந்தும் போகாமல், திரைச்சீலையிலும் தலையணையிலும் ஏறி, அவள் நாக்கிலேயே புழுதியாகப் படிந்தது.

"டேய், புதுசா படம் ஏத்துனியா?" என்று தன் அறையிலிருந்தே கேட்டாள்.

"இல்லக்கா. செல்லு விழுந்துடுச்சு."

"எங்க?"

"உள்ள."

கூடத்திலிருந்து அம்மா குறுக்கிட்டாள். "வந்ததும் வராததுமா அவனைக் குடையாதடி. இன்னிக்குத்தான் சொன்ன பேச்சு கேட்டு உக்காந்திருக்கான்."

திரையில் இன்னொரு படம் ஏறியது. தம்பியின் கணக்கிலிருந்து. கறுப்பு இன்னும் கொஞ்சம் விலகியது. சுவரில் புதிய கீறல்கள். வெள்ளை வெளேரென்று, நான்கு நான்காக. நகத்தால் பிறாண்டியதுபோல.

அடுத்த படம். ஒரு முழங்கால்.

அதிகாரியை அழைத்தாள்.

"சார், உள்ள ஆள் இருக்கு! என் தம்பி... உடைக்கச் சொல்லுங்க சார்!"

"ஏம்மா, தம்பி வீட்டுக்கு வந்துட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா..."

"போய்ப் பாருங்க. இருக்கானா இல்லையா?"

கதவிடுக்கில் பார்த்தாள். அவன் முதுகு தெரிந்தது. அசையாத முதுகு. மூச்சுக்குக்கூட ஏறி இறங்கவில்லை.

"இருக்கான்" என்றாள்.

"அப்புறம் என்ன?" இணைப்பு துண்டிக்கப்பட்டது.

திரையில் கறுப்பே இல்லை. அறை முழுமையாகியிருந்தது. மூலையில் தம்பி. குறுகிக் கிடந்தான். விரல் நுனிகளில் நகமில்லை. வாய் 'அக்கா' என்கிற வடிவில் திறந்தபடி நின்றிருந்தது.

கூடத்தில் அம்மாவின் பேச்சு நின்றுபோயிருந்தது.

"அம்மா?"

மெல்லும் சத்தம். நறநறவென்று.

கதவைத் தள்ளினாள். தரையில் அம்மா சப்பணமிட்டு அமர்ந்திருந்தாள். எதிரில் அவன். குனிந்து, பொறுமையாக, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் அம்மாவின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தான். உதட்டோரம் ஈரமண் வழிந்தது. அம்மா கண்ணை மூடி, சிரித்த முகமாக, மென்று விழுங்கிவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.