காலையில் மட்டும் உறுமும் மோட்டார்

"அக்கா, அது என் விரலைத்தான் கேக்குது," என்றாள் செருப்புப் பட்டறைக்காரி. சொல்லும்போதே இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

எதிரே இருந்தவள் மோட்டார் மெக்கானிக். இயந்திரங்களின் மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதால் ஊருக்கே அவள் 'டாக்டரம்மா'. பக்கத்தில் கருவிப் பையோடு அவள் கணவர். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு எப்போதும் அவசரம். ஒரு தடவையாவது சரியாகக் கண்டுபிடித்ததாக வரலாறு இல்லை.

விஷயம் இதுதான். பட்டறையில் தோல் வெட்டும் பிரஸ் ஒன்று. கத்தி பதித்த பிளேட்டை, நின்ற இடத்திலும் அசையாமல் தானே திருத்திப் பிடிக்கும் செர்வோ மோட்டார் ஏற்றி இறக்கும். அதன் அடியில் கைவிட்டுத் தோலை வைக்க வேண்டும். காலையில் இவள் உட்காருவாள், மதியம் கொழுந்தன்; ஆளுக்கு ஒரு பிளேட், மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வார்கள். நான்கு நாட்களாகக் காலையில் மட்டும் மோட்டார் உறுமுகிறது. மதியம் பூனைபோலச் சாதுவாகிவிடுகிறது.

"ஓடும்போது கத்துதா, நிக்கும்போதா?"

"மேல போய் நிக்கும்போது. சரியா என் கைக்கு மேல நின்னு நடுங்கும். அவன் வேலைதான் அக்கா. ஆபரேஷன் முடிஞ்சு வந்த அன்னிக்கே, 'அண்ணி இனிமே மெஷின்ல உட்கார வேண்டாம்'னு சொன்னான். பட்டறையை வளைச்சுப் போடப் பாக்குறான். மூணு மாசமா நான் அவன்கூடப் பேசறதே இல்ல. அவன்தான்னு தெரிஞ்சா, இன்னிக்கே பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடுவேன்."

"உடம்பு இப்ப எப்படி?"

"முன்னெல்லாம் பிளேட்டைத் தூக்கினா மூச்சு வாங்கும். இந்த வாரம்தான் தெம்பு வந்திருக்கு, ஒரு கையால தூக்குறேன்."

மூவரும் பட்டறைக்குப் போனபோது கொழுந்தன் சுவரோரம் நின்றிருந்தான். பட்டறைக்காரி அவன் பக்கமே திரும்பவில்லை. தன் பிளேட்டை மாட்டி ஓட்டிக் காட்டினாள். பிளேட் மேலே போய் நின்றது. உடனே மோட்டார் உறுமத் தொடங்கியது. மேஜை நடுங்கியது. அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். மின்சாரத்தை நிறுத்தியதும் சத்தமும் நின்றது. பிளேட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அவள் முகம் மாறியது. இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன.

"பிடிங்க அவனை!" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. ஸ்பேனர் போட்ட தடமே இல்ல. அதிர்ந்து அதிர்ந்து தானா தளர்ந்திருக்கு."

"அப்போ மோட்டார்ல பேரிங் போயிருக்கும்."

"பேரிங் போனா சுத்தும்போதுதானே கத்தும்? இது நின்னுக்கிட்டுல்ல கத்துது." மோட்டாரை ஆட்டிவைக்கும் டிரைவ் பெட்டியின் பதிவுகளைப் பார்த்தாள். "ஒரு வருஷமா யாரும் இதுல கை வைக்கல. மோட்டாரும் அதேதான், செட்டிங்கும் அதேதான். காலைக்கும் மதியத்துக்கும் மாறுறது ஒண்ணுதான். பிளேட்."

பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். கொழுந்தனின் பிளேட்டில் 'டக்'கென்று ஒட்டியது. பட்டறைக்காரியின் பிளேட்டில் வைத்தாள். ஒட்டாமல் தரையில் விழுந்தது.

"உங்களுக்குத் தெம்பு வரலம்மா, பிளேட்டோட எடை குறைஞ்சிருக்கு. அலுமினியத்துல செஞ்சு, அதே பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மோட்டார் கனமான இரும்புக்குப் பழகினது. நிறைகுடம்னு நினைச்சுக் காலிக்குடத்தைத் தூக்கினா கை எகிறுமில்ல? அது மாதிரி கொஞ்சம் நகர்ந்தாலும் மோட்டார் ரொம்ப வேகமாத் திருத்துது, தாண்டிப் போகுது, மறுபடி திருத்துது. ஒரு நொடிக்கு நூறு தடவை. அந்தச் சண்டைதான் உங்களுக்குக் கேக்குற சத்தம்." கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இந்த பிளேட்டைத் தொடுறது நீங்க ரெண்டு பேர்தான், அவங்களுக்கே இது தெரியாது. தப்பு நோக்கம் இருந்தா அளவு பிசகாம இவ்வளவு பொறுமையா இழைச்சிருக்க மாட்டீங்க. எதுக்குச் செஞ்சீங்க?"

அவன் தலை நிமிரவில்லை. "பிளேட்டைத் தூக்கும்போதெல்லாம் அண்ணி தையல் போட்ட இடத்தைப் பிடிச்சுக்குவாங்க. உட்கார வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. நான் செஞ்சதுன்னு தெரிஞ்சா தொடவே மாட்டாங்க."

பட்டறைக்காரி முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். மூன்று மாதமாக எமனாக நினைத்திருந்த ஆள் சுவரோரம் ஒடுங்கி நின்றிருந்தான்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பிளேட் கையில விழுந்திருக்கும்," என்றாள் டாக்டரம்மா, ஒளிக்காமல். அதைக் கேட்டதும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டரம்மா போல்ட்டுகளை முடுக்கினாள். மோட்டார் திருத்தும் வேகத்தைக் குறைத்து, இரண்டு பிளேட்டுக்கும் தனித்தனி செட்டிங் போட்டாள். பிளேட் மேலே போய்ச் சத்தமில்லாமல் நின்றது.

"கையை வச்சுப் பாருங்க."

பட்டறைக்காரியால் முடியவில்லை. விரல்கள் மடங்கிக்கொண்டன, பயம் இன்னும் போகவில்லை. திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள்.

"நீ வந்து பக்கத்துல நில்லு," என்றாள். "அப்பதான் நான் கையை உள்ள வைப்பேன்."