செண்பகத்தின் இயல்பளவு

செண்பகத்தின் உதடுகள் ஆடிக்கொண்டே இருந்தன. ஆஸ்பத்திரியில் எதிரே இருந்த முகமானி ஒரு நிமிடம் அவள் முகத்தை அளந்துவிட்டு, "இயல்பு" என்று பச்சை விளக்கைப் போட்டது. இருபத்திரண்டாவது ஆண்டாகப் பச்சை.

"இதுக்குப் பேரு இயல்பா? காபி குடிச்சா பாதி சேலையில சிந்துது," என்றாள்.

அவளுடைய கணவர் செல்லத்துரைக்குப் பழைய நாள் ஞாபகம் வந்தது. கோவில்பட்டிப் பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர். உதட்டைக் குவித்து ஒரு சீட்டி அடித்தால் மைதானமே கப்சிப். அந்தச் சீட்டியில் மயங்கித்தான் மனுஷன் கல்யாணமே செய்துகொண்டார். அது எப்பேர்ப்பட்ட காலம்! ஆனால் அதே செண்பகம்தான், இருமுனை மனநோயின் பித்தெழுச்சியில் ஒரு வாரம் தூங்காமல், ரயில்வே மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஓடினாள். அந்த நடுக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் சமனி. தோலுக்கடியில் அரிசியளவு கருவி. தினமும் மருந்தைக் கசியவிடும், மனம் பொங்கப் பார்த்தால் கூட்டிக் கொடுக்கும். உயிரைக் காப்பாற்றிய சாமான். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

"நிறுத்தச் சொல்லல டாக்டர்," என்றார் செல்லத்துரை. "வருஷக்கணக்கா எடுத்தா இந்த மருந்து வாயை ஆட்டும்ங்காவ. வேற மருந்து மாத்துங்கன்னுதான் கேக்கோம்."

"சிவப்பு விழுந்தாத்தான் எதையும் மாத்த எனக்கு அனுமதி," என்றார் டாக்டர் ரெஹானா.

"எதை வச்சு இது இயல்புங்குது?" என்றாள் செண்பகம்.

"இங்க ஆய்வுக்கு வர்றவங்க எல்லாரோட முகத்தையும் அளந்து சராசரி எடுப்போம்மா. அளவு பழசாயிடக் கூடாதுன்னு வருஷா வருஷம் புதுப்பிக்கிறோம்."

"இங்க யாரு வாறா?"

"சமனி போட்டவங்க மட்டும்தான்." சொல்லி முடித்ததும் டாக்டரின் முகம் வெளுத்தது.

செல்லத்துரை எழுந்து முகமானியின் முன்னால் போய் உட்கார்ந்தார். "நான் அந்த மருந்தைத் தொட்டதே இல்ல. என் மூஞ்சிய அளக்கட்டும். அப்பத் தெரியும்லா எது இயல்புன்னு."

முகமானி அவரை மூன்று முறை அளந்தது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது: "உதட்டசைவு இல்லை. கடும் குறைபாடு. உடனே சமனி பொருத்துக."

சிவப்பு விழுந்ததால் மருந்துச்சீட்டு தானாகவே அச்சாகி வந்தது, செல்லத்துரையின் பெயரில். செண்பகத்துக்கு அந்த ஆண்டும் பச்சைதான்.