லிங்கம்மா இருந்த அறை

தாரணியை ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. யாதவகிரியில் இருந்த அந்தப் பழைய ஓட்டு பங்களாவின் வாசலில், அங்கே ஆதரவற்ற பெண்களுக்கு இல்லம் நடத்தும் எஸ்தரம்மா குடையை அவள் தலைக்கு மேல் பிடித்து, தான் முழுக்க நனைந்தபடி நடத்திக் கூட்டிவந்தார். தாரணிக்கு உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வேலை வாங்கித் தருவதாக மைசூருக்கு அழைத்து வந்தவன் அவளை ஒரு லாட்ஜில் விற்றுவிட்டான். தப்பி ஓடப் பார்த்ததற்கு அடித்துத் தெருவில் வீசியிருந்தார்கள்.

சமையலறை வாசலில் நின்ற ஜோதிமணிக்குப் பாவமாகத்தான் இருந்தது, எஸ்தரம்மா அவளை மூலை அறைக்கு அழைத்துப் போகும் வரைக்கும்.

எஸ்தரம்மாவின் அறைக்கு ஒட்டினாற்போல இருக்கும் அறை அது. பூட்டியே கிடக்கும். ஜோதிமணி எத்தனையோ தடவை கேட்டும் அவளுக்குக் கிடைக்காத அறை.

ஜோதிமணி, தமிழ் பேசும் எல்லையோர ஊரான கௌதள்ளிக்காரி. நம்பிப் போனவன் கைவிட்டதும் பூச்சிமருந்தைக் குடித்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெற்றவளே எட்டிப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத எஸ்தரம்மாதான் கட்டிலருகே உட்கார்ந்து, அவள் வாந்தியைத் துடைத்துவிட்டு, "நான் இருக்கேன்மா. எங்கேயும் போகலை," என்றார். அதற்குப் பிறகு இந்த இல்லத்துக்கு எத்தனையோ பெண்கள் வந்து போனார்கள். ஜோதிமணி மட்டும் சமையலைப் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். எஸ்தரம்மாவுக்குத் தன்னைவிட நெருக்கமாக இன்னொருத்தி இருக்க முடியாது என்று அவள் நம்பியிருந்தாள்.

இப்போது எஸ்தரம்மா தரையில் உட்கார்ந்து தாரணியின் புண்ணான பாதங்களை மடியில் வைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தார். கஞ்சியோடு வந்த ஜோதிமணியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு இந்த ரூமைத் தரவே இல்லீங்களே," என்றாள் ஜோதிமணி, எஸ்தரம்மா வெளியே வந்த பிறகு.

எஸ்தரம்மா மூலை அறைக் கதவைச் சாத்தினார். "இது லிங்கம்மா இருந்த ரூம்பா. நான் முதல்முதலா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தவ. உடம்பெல்லாம் புண்ணோட வந்தா. ரெண்டாவதா இன்னொருத்தி வந்ததும் சாப்பிடறதை விட்டுட்டா. செவுத்தைப் பார்த்துப் படுத்தவ எந்திரிக்கவே இல்லை. நான் அவளைச் சரியாப் பார்க்கலை. இன்னைக்கு வேற எந்த ரூமும் காலியில்லை, அதான் திறந்தேன்."

அதன் பிறகு மழை விடவே இல்லை. மூலை அறையிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. காயாமல் மடித்து வைத்த கம்பளியின் வாடை.

ஜோதிமணி அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் காதோரம் ஏதோ முணுமுணுத்தது. அவளுக்கு மட்டும் எதற்கு இத்தனை? நேற்று வந்தவள்தானே? தன் மனசுதான் பேசுகிறது என்று முதலில் நினைத்தாள்.

பிறகு உறைத்தது. முணுமுணுப்பு கன்னடத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது தாரணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, ராத்திரி தலை பின்னிவிடறீங்களே, கொஞ்சம் மெதுவாப் பின்னுங்க. ரொம்ப வலிக்குது."

ஜோதிமணி அவள் தலையைத் தொட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் எஸ்தரம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மற்ற பெண்கள் கூடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மூலை அறையிலிருந்து தாரணி கூப்பிட்டாள்.

"அக்கா."

ஜோதிமணி மாவு பிசைந்த கையோடு எழுந்தாள்.

"ஹோகபேடா," என்றது காதோரம். போகாதே.

அவள் போகவில்லை.

"அக்கா..." இரண்டாவது தடவை குரல் நெரிந்து வந்தது.

ஜோதிமணி அப்படியே நின்றாள். கூப்பிடட்டும். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடங்கட்டும். அந்த நினைப்பு நெஞ்சில் இனிப்பாக இறங்கியது. அந்த இனிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. அடுத்த நொடி அவள் ஓடினாள்.

அறைக்குள் பாதி இருட்டு. கட்டிலின் தலைமாட்டில் முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அவள் பின்னிக்கொண்டிருந்தாள்.

தாரணியின் நீண்ட முடி அவள் கழுத்தையே சுற்றிச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது. முகம் கறுத்துவிட்டது. கண் மட்டும் ஜோதிமணியைக் கெஞ்சியது.

ஜோதிமணிக்கு ஜெபம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வந்தது ஒன்றுதான்: இவள் வேறு யாருமில்லை. நாளைக்கு நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

"லிங்கம்மாக்கா," என்றாள் மெல்ல.

பின்னல் நின்றது.

"எனக்கும் இப்படித்தானக்கா இருக்குது. வயிறெல்லாம் எரியுது. அம்மா அவ காலைத் தொட்டாங்கன்னா எனக்கு ஆகமாட்டேங்குது." அழுகை வந்தது. "அவளும் நம்மளாட்டத்தான் அடிபட்டு வந்திருக்கறா. அவளை உட்டுரு அக்கா. எம்பக்கத்துல வந்து உக்காந்துக்க. நான் உன்னையப் பார்த்துக்கறேன்."

உருவம் திரும்பியது.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈரச் சுவரின் சுண்ணாம்புதான் இருந்தது.

அது எழுந்து அவளை நோக்கி வந்தது. ஜோதிமணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. கம்பளி வாடை மூக்கை அடைத்து, மேலெல்லாம் குளிர்ந்து, மெல்ல அடங்கியது.

கண்ணைத் திறந்தபோது தாரணி இருமிக்கொண்டிருந்தாள். ஜோதிமணி அவளை மடியில் போட்டுக்கொண்டு, சிக்கிச் சிக்கிக் கிடந்த முடியை ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். கூடத்தில் பாட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபத்துக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எஸ்தரம்மா தாரணியின் தோளை அணைத்திருந்தார். கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஜோதிமணி அதைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. முன்பு போல இல்லை, ஆனாலும் எரிந்தது.

அப்போது அவளுடைய தோளில் ஒரு தலை சாய்ந்தது.

அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

ரவிக்கையின் தோள் மெதுவாக ஈரமாகியது. பாரம் விம்மி விம்மிக் குலுங்கியது. எதிரே தாரணி ஒரு கணம் கண்ணைத் திறந்து, ஜோதிமணிக்குப் பக்கத்தில் எதையோ பார்த்து, வெளிறிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெபம் முடிந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சாப்பிடப் போனார்கள்.

ஜோதிமணி எழவில்லை. தோளில் பாரம் அப்படியே இருந்தது.