தலைக்கு ஒரு ரிங்

அன்றைக்குப் போன் நாலு தரம் அடித்து நின்றது. மகேசனுக்கு அதுதான் பிடிபடவில்லை. மூன்றுக்கு மேல் அடிக்க அவன் வீட்டில் ஆள் இல்லை.

ஓமானில், சோஹார் துறைமுகத்தில் இரும்பு இறக்கும் கம்பனியின் கேம்ப் அது. ஜூன் மாத வெயிலில் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை சைட்டில் வேலை கிடையாது. அந்த நேரம் முழுக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுப் பகலை இருட்டாக்கிக்கொண்டு, ஏசியின் கரகரப்புக்குள், பொரித்த மீனும் ஈரப் பனியனும் சேர்ந்து நாறும் அறையில், அடுக்குக் கட்டில்களில் ஆட்கள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள். மகேசன் மட்டும் தலையணைக்கு அடியில் கையை விட்டபடி விழித்திருப்பான். இரண்டு மணிக்கு வன்னியிலிருந்து மிஸ்டு கால் வரும்.

கடற்கரைக்கு வந்தால்தான் அங்கே சிக்னல். பேசினால் இருக்கிற சார்ஜும் போய்விடும். அதனால் உயிரோடு இருக்கும் தலைக்கு ஒரு ரிங் என்று பேசி வைத்திருந்தார்கள். அம்மா சிவகொழுந்துக்கு ஒன்று, தம்பி சுஜந்தனுக்கு ஒன்று, மனைவி மதுஷாவுக்கு ஒன்று. என்ன ஆனாலும் எடுக்கக்கூடாது. மே மாதம் வரை மூன்று ரிங்கும் பிசகாமல் வந்தன. பாதுகாப்பு வலயம் என்று ராணுவத்தார் சனத்தைக் கூப்பிட்டு அடைத்துவிட்டு, அந்த வலயத்துக்குள்ளேயே ஷெல் அடித்தார்கள். மருந்து ஏற்றிய கப்பலைக் கரைக்கு விடவில்லை. பாவிகள், சண்டை முடிந்ததென்று டிவியில் வெடியும் கொளுத்தினார்கள். அதற்கு முன்பே போன் நின்றுவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு ரிங் வந்தது. ஒருவர்தானா மிச்சம் என்று மகேசன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று. அவன் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, கேம்ப் முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். சண்டையில் தப்பி வந்தவர்களை அடைத்து வைத்த முட்கம்பி முகாம்களில் ஆட்களைத் தேடிப் பதிகிற நிவாரண அமைப்பில், கொழும்பில், ஜெயமணி என்ற பெண் இருந்தாள். அவளுக்குப் போன் போட்டான். பட்டியலில் பெயர் இல்லாத ஆளை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் இல்லாமலாக்கலாம், பெயர் ஏறிவிட்டால் கேட்க நாதி உண்டு, எந்த முகாம் என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். எடுக்கக்கூடாதே என்றான் மகேசன்.

மறுநாள்தான் அந்த நாலாவது.

அடுத்த நாள் ஏழு. ஒரே கூடாரத்தில் இருக்கிற அக்கம்பக்கத்துச் சனத்தையும் சேர்த்து அடிக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அதற்கு அடுத்த நாள் பத்தொன்பது. கீழ்க்கட்டிலில் படுத்திருந்த ராமநாதபுரத்து மாயாண்டி புரண்டு படுத்துத் திட்டினான். மறுநாள் நாற்பதைத் தாண்டியும் அடித்தது.

"எடுத்துத் தொலைப்பா. யாரோ பாவம், அடிச்சுக்கிட்டே இருக்காக" என்றான் மாயாண்டி.

மகேசன் எடுத்தான்.

அலைச் சத்தம் கேட்டது. மண் சரிகிற சத்தம். அதற்குள் யாரோ வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு மூச்சு விடுவது கேட்டது.

"எழுதுங்கோ."

மதுஷாவின் குரல். எந்த முகாம், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டான். அவள் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள்.

"சிவகொழுந்து. வயசு அறுபத்திரண்டு. சுஜந்தன். இருபத்திநாலு. மதுஷா. இருபத்தெட்டு."

தன் பெயரையும் அடுத்த வீட்டுக்காரி பெயரைப் போலச் சொன்னாள். பிறகு தெரியாத ஆண் ஒருவன் தன் பெயரைச் சொன்னான். பிறகு ஒரு கிழவி. பிறகு வயது சொல்லத் தெரியாத குழந்தை. அட்டைப்பெட்டியைக் கிழித்து மகேசன் எழுதிக்கொண்டே போனான். மூன்றரைக்கு ஹாரன் ஊதியபோது நாற்பத்தொரு பேர் சேர்ந்திருந்தார்கள்.

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. பதிந்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்ற ஒரே நினைப்பில் ஜெயமணிக்கு வாசித்தான். நாலாவது பெயருக்குப் பிறகு அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"அண்ணை, இது ஆர் தந்த பட்டியல்?"

அவன் சொன்னான். அவள் ஏதோ தாளைப் புரட்டினாள்.

"பதுங்குகுழிக்குள்ள சடலங்களைப் போட்டு மூட முன்னம் ஒரு டொக்டர் எழுதினது நேற்று எங்கட கைக்கு வந்தது. மே பதினாறு. முதல் நாலு பேர் இதே ஒழுங்கில இருக்கினம். அதுக்குக் கீழ, இன்னும் இருக்கினம், எழுத நேரமில்லை எண்டு கிடக்கு."

மகேசன் போனைக் கட்டிலில் வைத்தான். முதல் ரிங் அம்மா. இரண்டாவது தம்பி. மூன்றாவதுக்கு அவன் ஜிலேபி வாங்கினான். மதுஷாவுக்கு. ஐயோ, ஊருக்கெல்லாம் கொடுத்தானே.

பேட்டரியைக் கழற்றினான். சிம்மைப் பல்லால் கடித்து உடைத்தான்.

மறுநாள். இரண்டு மணி. தகரப் பெட்டியின் மேல் வெறும் கூடாகக் கிடந்த போன் அடித்தது.

மாயாண்டி எழுந்து உட்கார்ந்தான். மேல்கட்டில் ஆட்களும் இறங்கினார்கள். கழற்றிய பேட்டரி பெட்டிக்குப் பக்கத்தில் தனியே கிடந்தது. யாரும் கிட்டப் போகவில்லை.

பத்து. முப்பது. நூறு.

மகேசன் எழுந்துபோய்ச் சுவரில் கோடு போடத் தொடங்கினான். ஒரு ரிங்குக்கு ஒரு கோடு. ஒன்றும் விட்டுப்போகக்கூடாது. பேனா தீர்ந்தது. நகத்தால் கீறினான்.

மூன்றரைக்கு ஹாரன் ஊதியது. ஒருவரும் வெளியே போகவில்லை. நாலு சுவரும் நிறைந்து, அவன் கதவில் கீறிக்கொண்டிருந்தான். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.