சொர்ணக்கிளியின் அகலம்

வெயில் தாழ்ந்ததும் மிதவூரில் எல்லோரும் தத்தம் வீட்டில் இறந்துபோனவர்களை நடக்கக் கூட்டி வருவார்கள். தினமும் கொஞ்ச தூரம் நடக்காவிட்டால் மீளுருக்களின் மூட்டுகளில் உப்புக்காற்று இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் தூத்துக்குடிக் கடல்மேல் மிதந்த அந்த ஊரின் நடைமேடையில், மாலையில் இருப்பவர்களைவிட இல்லாதவர்களின் கூட்டம்தான் அதிகம். பழைய வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பிடித்து, அதைக் கொண்டு ஆளையே வார்த்துத் தருகிற மீளுருக்கூடம் வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். மீளுரு பேசாது. கையைப் பிடித்தால் கூட நடக்கும், விட்டால் நின்றுகொள்ளும். உயிரோடு இருந்த நாளில் இப்படியொரு துணை எத்தனை பேருக்கு அமைந்தது? இறந்தவர்கள் எல்லோருமே கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

தங்கப்பழம் மட்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய இதயத்துக்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

“உங்கம்மா கையப் புடிச்சு ஒரு தடவ நடந்துட்டா போதும் கனி. அதுக்கப்புறம் நான் போயிருதேன்” என்றார் மகளிடம்.

செல்வக்கனிக்கு அம்மாவைத் தெரியாது. அவளுக்குக் காது குத்திய சில மாதங்களிலேயே சொர்ணக்கிளி இறந்துவிட்டாள். அந்தக் காதுகுத்து வீடியோவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிற அம்மாதான் அவளுடைய ஒரே அம்மா. பொதுபொதுவென்ற கன்னம், நெற்றியில் வட்டப் பொட்டு. ஒல்லிக்குச்சியாக வளர்ந்த கனி, அந்தக் கன்னத்தைக் கண்ணாடியில் தேடித் தேடி ஏமாந்தவள். இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது.

மீளுருக்கூடத்தில் இருந்த பெனிட்டா, வீடியோவை ஓட்டி நல்ல காட்சி ஒன்றில் நிறுத்தினாள். “பழைய வீடியோன்னாலே அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்குதான் தகராறுக்கா. எவ்வளவு இழுத்திருக்கு, எவ்வளவு நசுக்கியிருக்குன்னு படத்தப் பாத்தா தெரியாது. எங்க எந்திரம் நம்மூரு வீடியோவுல பொட்டத்தான் பாக்கும். பொட்டு வட்டமா இருந்தா படம் சரி. இல்லைன்னா, நீங்க கேட்டா வட்டமாகிற வரைக்கும் சரிபண்ணும்.”

சொர்ணக்கிளியின் பொட்டு அச்சு வட்டமாக இருந்தது. எந்திரம் எதையும் மாற்றாமல் வார்த்து முடித்தது.

கதவு திறந்து மீளுரு வந்து நின்றது. வீடியோவில் பார்த்த அதே அம்மா. தங்கப்பழம் சட்டைப்பையிலிருந்து மனைவியின் வளையல்கள் இரண்டை எடுத்தார். இத்தனை வருடமாக அவர் யாரிடமும் கொடுக்காதவை. கனி அவற்றை மீளுருவின் கையில் போட்டுவிடப் பார்த்தாள். புறங்கையோடு நின்றுவிட்டன. சோப்பு போட்டும் ஏறவில்லை.

“ஏலாதே” என்றார் தங்கப்பழம் குழப்பத்தோடு. “அவளுக்கு இது லொடலொடன்னுல்லா கெடக்கும்.”

பெனிட்டா காட்சியை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தாள். பொட்டைவிட்டு, பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பெரிதாக்கினாள். அது படுக்கவைத்த முட்டையைப் போல இருந்தது.

“ஐயா, அம்மா என்ன பொட்டு வைப்பாவ?”

“நீளப் பொட்டுதான். அது இல்லாம வெளிய வரமாட்டா.”

நீளப் பொட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் வட்டமாகிவிடும். யாரோ இந்த வீடியோவை அகலவாக்கில் இழுத்திருக்கிறார்கள். தங்கப்பழமே சொன்னார்.

“அப்ப புதுசா பெரிய டிவி வாங்கியிருந்தோம். காதுகுத்து வீடியோவப் போட்டா ரெண்டு பக்கமும் கறுப்பா கெடந்துச்சு. இவ்வளவு பெரிய டிவி வாங்குனது கறுப்பப் பாக்கவான்னு எனக்குக் கோவம். வீடியோக்காரன்ட்ட சொல்லி, திரை நெறைய வார மாதிரி இழுத்துத் தரச் சொன்னேன். சொந்தக்காரவுக எல்லாரும் உக்காந்து பாத்தோம்.”

“அம்மாவும் பாத்தாளா?” என்று கேட்டாள் கனி.

“பாத்தா. நான் இப்படியா இருக்கேன்னு கேட்டா.”

பெனிட்டா கணக்கைத் திருத்தி இரண்டாவது உருவை வார்த்தாள். மறுபடி கதவு திறந்தது. நெற்றியில் நீளப் பொட்டோடு ஒருத்தி நின்றாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. மூக்கும் தாடையும் அப்படியே கனியுடையவை. இத்தனை வயதுக்குப் பிறகு தன் முகம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைக் கொண்டாட முடியாமல் அழுகைதான் வந்தது.

“அம்மா திடீர்னு செத்துப்போனான்னுதானப்பா சொன்னீய?”

தங்கப்பழம் மனைவியின் கையைத் தூக்கி வளையலைப் போட்டுவிட்டார். வழுக்கிக்கொண்டு போய் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது.

“ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கு, ஆசுபத்திரிக்குப் போவமான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. தெனம் பாக்கிறவன் கண்ணுக்கு எங்க தெரியுது? டிவியக் காட்டுனேன். நல்லா கொழுகொழுன்னுதான இருக்க, நாளைக்குப் பாப்போம்ன்னேன். அவளும் டிவியப் பாத்துட்டு, ஆமான்னுட்டா.”

வேண்டுமானால் முதல் உருவையே கொடுத்துவிடுவதாக பெனிட்டா மெதுவாகச் சொன்னாள். சரியான அளவில் வார்த்துக் கொடுத்தால், இது எங்கள் ஆளே இல்லை என்று பலரும் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்களாம். கூடத்திலும் இப்போதெல்லாம் யாரும் கேட்காமல் திருத்துவதில்லை.

தங்கப்பழம் தலையை ஆட்டி மறுத்தார். “இவதான்” என்றார்.

அன்று மாலை நடைமேடையில் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவளுடைய மெலிந்த விரல்கள் அவர் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தன. மூச்சு வாங்கியும் அவர் உட்காரவில்லை. கனி இரண்டடி பின்னால் வந்தாள். எதிரே வந்தவர்கள், அகல அகலமாகச் சிரிக்கிற தங்கள் வீட்டு மனிதர்களோடு ஒதுங்கி வழிவிட்டு, சொர்ணக்கிளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வீட்டு லிங்கம்மாள் தன் குண்டுப் புருஷனை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தாள். மங்கிய வெளிச்சத்தில் அவளுக்கு, வந்திருப்பது மீளுரு என்றுகூடத் தோன்றவில்லை.

“யாரு அண்ணாச்சி இது, சொந்தமா? இப்படி மெலிஞ்சு கெடக்காவளே! ஆசுபத்திரில காட்டுனீயளா?”

தங்கப்பழம் நின்றார். வளையல் கீழே நழுவாதபடி மனைவியின் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“காட்டணும் தாயி” என்றார். “நாளைக்குக் காட்டுதேன்.”